கியூபிகல் அக்டா: வட்டமும் வடையும் டைப் ஆகும் மென்பொருள்

கணித நிரூபணங்களை எழுதிச் சரிபார்க்கும் நிரல்மொழி அக்டா. அதன் ‘கியூபிகல்’ வடிவத்தை 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் நிறுவிப் பார்க்க வேண்டாம். 8 இருந்தால் சமாளிக்கலாம், 16 இருந்தால் நிம்மதி. அக்டாவை மூல நிரலிலிருந்து கட்டும்போதே நினைவகம் ஜிபி கணக்கில் போகும். போதாவிட்டால் லினக்ஸ் அந்த வேலையை நடுவிலேயே தீர்த்துக்கட்டிவிடும். திரையில் ‘கில்டு’ என்ற ஒரு சொல்தான் மிஞ்சும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ராம் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்புவதற்கு முன், அது போர்டோடு பற்றவைத்து வந்ததா, தனி ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மெல்லிசான மாடல்கள் பலவற்றில் ஸ்லாட்டே கிடையாது.

இவ்வளவு பீடிகையோடு ஓர் இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கக் காரணம் இருக்கிறது. டோபாலஜிக்கும் (வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத வடிவப் பண்புகளைப் படிக்கும் கணிதம்) டைப் தியரிக்கும் (ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒரு டைப்பைச் சேர்ந்தது என்று தொடங்கும் தர்க்கமுறை) உள்ள உறவைக் காகிதத்தில் படிப்பது ஒன்று. பொத்தானைத் தட்டி விடை வருவதைப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு இன்று கையில் எடுக்கத் தக்க கருவி கியூபிகல் அக்டாதான். சிறுசேரி சி.எம்.ஐ., தரமணி ஐ.எம்.எஸ்.சி., சேப்பாக்கம் இராமானுஜன் நிறுவனம் போன்ற இடங்களில் கணிதமோ கோட்பாட்டுக் கணினியியலோ படிப்பவர்களையும், ஓ.எம்.ஆரில் வேலை முடித்து ராத்திரியில் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியைப் பழகுகிறவர்களையும் மனதில் வைத்து இந்த மதிப்பீடு.

பின்னணி சுருக்கமாக. 1970களில் பெர் மார்ட்டின்-லோஃப் கட்டிய டைப் தியரியில் ‘அ, ஆ இரண்டும் சமம்’ என்பதே ஒரு டைப். அதன் நிரூபணம் அந்த டைப்பில் உள்ள ஒரு பொருள். அப்படியானால் ஒரே சமன்பாட்டுக்கு இரண்டு நிரூபணங்கள் இருந்தால், அவை தமக்குள் சமமா? சமமாகத்தான் இருக்க வேண்டும் என்பதை அந்த விதிகளைக் கொண்டு நிறுவ முடியாது என்று 1994இல் மார்ட்டின் ஹாஃப்மனும் தாமஸ் ஸ்ட்ரைக்கரும் ஒரு மாதிரியமைப்பைக் கொண்டு காட்டினார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் டோபாலஜி உள்ளே வந்தது. டைப் என்றால் வெளி, அதில் உள்ள பொருள் ஒரு புள்ளி, சமத்தின் நிரூபணம் இரு புள்ளிகளை இணைக்கும் பாதை, இரண்டு நிரூபணங்கள் சமம் என்பது ஒரு பாதையை இன்னொன்றாக அறுபடாமல் நகர்த்துவது. 2002இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற விளாடிமிர் வோயெவோட்ஸ்கி இதற்கு மேல் ஒரு படி போனார். ஒன்றுக்கொன்று இணையான (எதையும் இழக்காமல் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்பக்கூடிய) இரண்டு டைப்களைச் சமம் என்றே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய யூனிவேலன்ஸ் அடிகோள், அதாவது நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் விதி.

2012-13இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு கூடியிருந்தவர்கள் இதையெல்லாம் தொகுத்து 2013இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். பிடிஎஃப் இலவசம். தடிமனான புத்தகம், திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் இரண்டு பாகமாக ஸ்பைரல் போடச் சொல்லுங்கள், ஒன்றாகப் போட்டால் நடுப்பக்கங்கள் கழன்றுவிடும். நூல் நல்ல நூல்தான். ஆனால் அதில் யூனிவேலன்ஸ் ஓர் அடிகோளாக மட்டுமே இருக்கிறது. அடிகோளுக்கு உள்ளே ஓட்டிப் பார்க்க நிரல் எதுவும் கிடையாது. மெய்–பொய் இரண்டையும் இடம் மாற்றுகிற சார்பு ஓர் இணைமை; யூனிவேலன்ஸ் அதை ஒரு பாதையாக மாற்றும்; அந்தப் பாதை வழியாக ‘மெய்’யை அனுப்பினால் மறுமுனையில் ‘பொய்’ வந்து இறங்க வேண்டும். அடிகோள் முறையில் அது வழியிலேயே நின்றுவிடும். ‘பொய்’க்குச் சமம் என்று நிறுவலாம், ஆனால் கணினி தானாக அங்கே போய்ச் சேராது.

சிரில் கோஹன், தியரி கொக்காண்ட், சைமன் ஹூபர், ஆண்டர்ஸ் மோர்ட்பெர்க் நால்வரும் உருவாக்கிய கியூபிகல் டைப் தியரி இந்தச் சிக்கலை அவிழ்த்தது. 2019இல் வந்த அக்டா 2.6.0 அதன் ஒரு வடிவத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஆந்திரேயா வெஸோஸி, மோர்ட்பெர்க், ஆண்ட்ரியாஸ் ஏபல் மூவரின் வேலை அது. இங்கே ‘மெய்’யை அனுப்பினால் ‘பொய்’ இறங்குகிறது. இந்த ஒன்றுக்காகவே இதை வாங்கலாம் என்று சொல்லியிருப்போம், விலை என்று ஒன்று இருந்திருந்தால்.

அடிப்படை யோசனை எளிது. 0 முனை, 1 முனை என்று இரண்டு முனைகள் கொண்ட ஓர் இடைவெளி இருக்கிறது. பாதை என்பது அந்த இடைவெளியிலிருந்து வரும் ஒரு சார்பு. 0இல் அது அ, 1இல் ஆ. இதனால் பழைய டைப் தியரியில் அடிகோளாகச் சேர்க்க வேண்டியிருந்த விஷயங்கள் ஒரே வரியில் முடிகின்றன. எல்லா உள்ளீட்டுக்கும் ஒரே விடை தரும் இரண்டு சார்புகள் சமம் என்பதற்கான நிரூபணம் இவ்வளவுதான்:

சார்புச்சமம் நி க அ = நி அ க

‘நி’ ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் பாதை தருகிறது, ‘க’ இடைவெளி மாறி, ‘அ’ உள்ளீடு. இரண்டு உள்ளீடுகளையும் இடம் மாற்றி எழுதியதைத் தவிர வேறு வேலை இல்லை. அக்டா யூனிகோடை ஏற்பதால் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். முன்னால் டைப் அறிவிப்பு வரியைச் சேர்த்தால் மேலே உள்ளது அப்படியே ஓடும்.

இனி வட்டம். அக்டாவில் வட்டம் என்ற டைப்புக்கு இரண்டே ஆக்கிகள் (அந்த டைப்பைக் கட்டும் அடிப்படைப் பொருள்கள்): ‘அடி’ என்ற புள்ளி, அடியிலிருந்து அடிக்கே வரும் ‘சுற்று’ என்ற பாதை. எத்தனை தடவை சுற்றினோம் என்று கணக்கிட, வட்டத்தின் மேல் ஒரு சுருளை எழுப்ப வேண்டும். மால்களில் கார் பார்க்கிங்குக்கு ஏறும் சுழல் ரேம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் வட்டம், ஒரு சுற்று முடிந்தால் ஒரு மாடி ஏறியிருப்போம். அதுவே நிரலாக:

சுருள் அடி = முழுஎண்
சுருள் (சுற்று க) = ஒன்றுகூட்டு-பாதை க

முழு எண்ணோடு 1 கூட்டுவது ஓர் இணைமை, ஏனென்றால் 1 கழித்துத் திரும்பிவிடலாம். அந்த இணைமையை யூனிவேலன்ஸ் பாதையாக்கித் தருவதுதான் ‘ஒன்றுகூட்டு-பாதை’. ஒரு கண்ணியை (அடியில் தொடங்கி அடியிலேயே முடியும் பாதையை) எடுத்துச் சுருள் வழியே 0வை அனுப்பினால் எந்த மாடியில் இறங்குகிறது என்பதுதான் சுற்றெண். அக்டாவை எழுதும் இமேக்ஸ் எடிட்டரில் கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-என் அழுத்திச் சுற்றோடு சுற்றை இணைத்த கோவையின் சுற்றெண்ணைக் கேளுங்கள். கியூபிகல் அக்டாவோடு பயன்படுத்தும் தயார் நிரல்களின் தொகுப்பான கியூபிகல் நூலகத்தின் எழுத்துமுறையில் ‘பாஸ் 2’, அதாவது நேர் எண் 2, என்று வரும். மயிலாப்பூர் மாட வீதியில் மூன்று சுற்று வலம் வந்து ஒரு சுற்று எதிர்த்திசையில் திரும்பி நடந்தால் நிகரம் 2 என்பதுபோல, மூன்று சுற்றும் ஒரு எதிர்ச்சுற்றும் கொடுத்தாலும் அதே 2தான். எதிர்ச்சுற்றை மட்டும் கொடுத்தால் ‘நெக்சக் 0’ என்று வரும். பயந்துவிடாதீர்கள், அது −1. எதிர் எண்கள் இந்த நூலகத்தில் −1இலிருந்து 0, 1, 2 என்று எண்ணப்படுகின்றன. ‘நெக்சக் 2’ என்றால் −3. முதல் வாரத்தில் இதில் தவறு செய்யாதவர் அரிது.

வட்டத்தின் அடிப்படைக் குலம் (கண்ணிகளும் அவற்றைச் சேர்க்கும் முறையும்) முழு எண்களின் குலம் என்ற பாடப்புத்தகத் தேற்றம் இந்தச் சுருளை வைத்துத்தான் நிறுவப்படுகிறது. டேன் லிகாட்டாவும் மைக்கேல் ஷுல்மனும் டைப் தியரியில் இதை 2013இல் வெளியிட்டார்கள். வகுப்பில் கவர்வெளி (கவரிங் ஸ்பேஸ்) என்று படிக்கிற அதே பொருள்தான் இங்கே டைப்களின் குடும்பமாக வருகிறது.

அடுத்தது வடை. டோரஸ் என்று கணிதத்தில் சொல்வது மெதுவடையின் மேற்பரப்பு. அது இரண்டு வட்டங்களின் பெருக்கத்துக்கு இணை என்பது கேட்டவுடன் தெரிகிற உண்மை. ஆனால் 2013 நூலின் விதிகளைக் கொண்டு இதை முழுதாக எழுதியவர்களுக்குப் பக்கம் பக்கமாக வேலை வைத்தது. இங்கே டோரஸுக்கு நான்கு ஆக்கிகள்: ஒரு புள்ளி, அதில் தொடங்கி அதில் முடியும் இரண்டு கோடுகள், ஒரு சதுரம். ஜெராக்ஸ் தாளின் எதிரெதிர் விளிம்புகளை ஒட்டுவதுபோல. பெருக்கத்துக்குப் போகும் சார்பு:

வழி புள்ளி = (அடி , அடி)
வழி (கோடு1 க) = (சுற்று க , அடி)
வழி (கோடு2 ங) = (அடி , சுற்று ங)
வழி (சதுரம் க ங) = (சுற்று க , சுற்று ங)

திரும்பி வரும் சார்பும் நான்கு வரி. போய்த் திரும்பினால் தொடங்கிய இடம் என்பதற்கு இரு திசையிலும் நான்கு நான்கு வரி, ஒவ்வொன்றிலும் நிரூபணம் ‘ரெஃபில்’ (எதுவும் தனக்குத்தானே சமம் என்பதன் நிரூபணம்) என்ற ஒரே சொல். மொத்தம் பதினாறு வரியில் தேற்றம் முடிந்தது.

கடைசி வரியில் க, ங இரண்டையும் இடம் மாற்றி எழுதிப் பாருங்கள். அக்டா உடனே மறுக்கும். க 0 ஆகும்போது சதுரத்தின் விளிம்பு கோடு2. அதற்கு ஏற்கெனவே (அடி , சுற்று ங) என்று சொல்லியாயிற்று. நீங்கள் இப்போது எழுதியது (சுற்று ங , அடி). இரண்டும் பொருந்தவில்லை என்று ‘சுற்று ங’வையும் ‘அடி’யையும் பக்கத்தில் வைத்துக் காட்டும். இந்த ஒரு பிழைச்செய்தியை நிதானமாக வாசித்துப் புரிந்துகொண்டால் கியூபிகல் முறையின் பாதி வந்துவிட்டது. சதுரத்தின் டைப்பில் கோடு1ஐ ஒரு பக்கம் மட்டும் ஓர் அலைக்குறி போட்டுத் தலைகீழாக்கினால் வடை, உள்–வெளி பிரிவில்லாத பரப்பான க்ளைன் குடுவையாகிவிடும் என்பதையும் செய்து பார்க்கலாம்.

குறைகளுக்கு வருவோம். அவை குறைவாக இல்லை.

முதல் தலைவலி, எங்கேயும் போகாத பயணம். மாறாத டைப்பின் வழியே ஒரு பொருளை அனுப்பினால் அதே பொருள்தான் திரும்ப வர வேண்டும். இங்கே அது தானாகச் சுருங்குவதில்லை. இலக்குச் சாளரத்தில் (இன்னும் எதை நிறுவ வேண்டும் என்று அக்டா காட்டும் இடத்தில்) ‘டிரான்ஸ்போர்ட் ரெஃபில்’ என்ற ஒட்டு எல்லா இடத்திலும் தொங்கும். இரண்டும் சமம் என்பதற்கு நூலகத்தில் ‘டிரான்ஸ்போர்ட்-ரெஃபில்’ என்ற தயார் பாதை இருக்கிறது. அதை நீங்களே கொண்டுவந்து ஒட்ட வேண்டும். மார்ட்டின்-லோஃபின் ஜே விதி (பாதைகளைப் பற்றிய ஒன்றை ‘ரெஃபில்’லுக்கு மட்டும் நிறுவினால் போதும் என்பது) பாதைகளுக்கு உண்டு, ஆனால் அதன் கணக்கிடும் விதியும் இதே காரணத்தால் ஒரு பாதை வரைதான் உண்மை. சாதாரண அக்டாவிலோ, லீன் என்ற இன்னொரு நிரூபணக் கருவியிலோ பழகியவர்கள் பாதையின் மேல் ‘ரெஃபில்’ என்று பேட்டர்ன் வைத்துப் பிரிக்கப் பார்ப்பார்கள். முடியாது. இடைவெளி மாறியை எடுத்து நேரடியாக எழுதுவதுதான் இங்கே முறை.

இரண்டாவது, ‘ஹெச்காம்ப்’. இரண்டு பாதைகளைச் சேர்ப்பதற்கே இது வேண்டும். கீழ்ப்பலகையில் முதல் பாதை, இடப்பக்கம் அசையாத புள்ளி, வலப்பக்கம் இரண்டாம் பாதை. மேலே மூடி இல்லாத பெட்டி. அந்த மூடியை அக்டா தருகிறது, அதுதான் சேர்ந்த பாதை. யோசனை அழகு. தாளில் சதுரத்தை வரையாமல் நேரே தட்டச்சு செய்கிறவர்கள் மட்டும் மாட்டிக்கொள்வார்கள். முப்பரிமாணப் பெட்டி வரும்போது ஆறு முகங்களில் எது எந்த மாறிக்கு 0, எது 1 என்று பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நினைவகம். கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-கமா அழுத்தி இலக்கைப் பார்க்கும்போது, அதற்கு முன் கண்ட்ரோல்-யு ஒருமுறை அழுத்தினால் சுருக்காமல் காட்டும். இரண்டு முறை அழுத்தினால் முழுக்கச் சுருக்கிக் காட்டும். பெரிய நிரூபணத்தில் தவறிப்போய் இரண்டு முறை அழுத்தினால் விசிறி அலற ஆரம்பிக்கும். மே மாதத்து மதியமாக இருந்தால் லேப்டாப்பைத் தொட முடியாது. கமாண்ட் வரியில், அக்டா ஓடும் ஹாஸ்கெல் இயக்கச்சூழலின் நினைவக வரம்பை 6 ஜிபி என்று வைத்துவிடுங்கள். கணினி முழுதும் உறையாமல் அக்டா மட்டும் நிற்கும். பெரிய நிரூபணங்களைச் சுருக்கிவிடாதபடி மூடி வைக்க ‘ஒபேக்’ தொகுதி இருக்கிறது, 2.6.4இலிருந்து.

கணக்கிடும் திறனுக்கும் எல்லை உண்டு என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சாட்சி, புருனெரி எண். கியோம் புருனெரி தன் 2016 ஆய்வேட்டில், மூன்று பரிமாணக் கோளத்தின் நான்காம் ஹோமோடோபி குலம் (நான்கு பரிமாணக் கோளத்தை அதன் மேல் எத்தனை விதமாகச் சுற்றலாம் என்பதன் கணக்கு) ஏதோ ஒரு எண்ணின் மட்டில், அதாவது அந்த எண்ணால் வகுத்த மீதியை மட்டும் பார்க்கும், முழு எண்களின் குலம் என்று நிறுவினார். அந்த எண் 2 என்பதைத் தனியாகக் கணிதமாக நிறுவ வேண்டியிருந்தது. வரையறை முழுக்க நிரலாக இருப்பதால் ஓட்டினாலே 2 வர வேண்டும், ஆனால் அந்த வரையறை ஓடி முடிந்தபாடில்லை. ஆக்செல் யுங்ஸ்ட்ரோமும் மோர்ட்பெர்க்கும் 2023இல் வெளியிட்ட கட்டுரையில் எளிமையாக்கிய ஒரு வரையறையைக் கொடுத்தார்கள். அது சில நொடிகளில் −2 என்று நிற்கிறது. குறி மாறியிருப்பதால் குலத்துக்கு ஒன்றும் ஆகாது.

சின்னத் தொல்லைகள் சில. பாதைகளைச் சேர்க்கும் புள்ளியும் குலச்செயலுக்கான புள்ளியும் நூலகத்தில் வெவ்வேறு யூனிகோடு எழுத்துகள், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். இமேக்ஸில் புள்ளியின் மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல்-யு, கண்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அழுத்தினால் அது எது, எப்படித் தட்டச்சு செய்வது இரண்டையும் சொல்லும். நூலகம் டைப்களின் மட்டத்தை (எத்தனை அடுக்கு வரை வேறுபட்ட பாதைகள் இருக்கலாம் என்பதை) 0இலிருந்து எண்ணுகிறது: 0 சுருங்கத்தக்கது, 1 கூற்று, 2 கணம். 2013 நூலிலோ அவையே −2, −1, 0. நூலைப் பார்த்து எழுதுகிறவர்கள் எப்போதும் 2 கூட்டிக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் வைப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. அக்டா நிரலின் உள்தள்ளலை யூனிகோடு குறிகளை எண்ணிக் கணக்கிடுகிறது. ‘சுற்று’ என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, அக்டாவுக்கு ஆறு. அதனால் தமிழ்ப் பெயருக்குப் பின் அதே வரியில் ‘லெட்’ தொடங்கி, அடுத்த வரியைக் கண்ணளவில் நேராக வைத்தால் பிழை வரும். ‘லெட்’, ‘வேர்’ இரண்டுக்கும் பின் புது வரிக்குப் போய்விடுங்கள். கூடவே, தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோல் கட்டளைகள் வேலை செய்யாவிட்டால் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அழுத்துங்கள்.

லீன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. லீனில் ஒரு சமத்தின் எல்லா நிரூபணங்களும் வரையறைப்படியே ஒன்று. அங்கே யூனிவேலன்ஸைச் சேர்த்தால், மெய்–பொய் மாற்றும் பாதையும் எதையும் மாற்றாத பாதையும் ஒன்றாகிவிடும், ‘மெய்’யை அனுப்பினால் ஒன்றில் பொய், மற்றதில் மெய், ஆகவே மெய்யும் பொய்யும் சமம், எல்லாம் இடிந்தது. அதனால் இரண்டும் ஒரே கடையில் கிடைக்காது. 2025 முதல் ராக் என்று பெயர் மாறிய காக் என்ற நிரூபணக் கருவியில் நல்ல ஹோமோடோபி நூலகம் இருக்கிறது. அங்கே யூனிவேலன்ஸ் அடிகோள்தான்.

ஆனால் டோபாலஜி என்று சொல்லித் திறந்த கணங்கள், கச்சிதத்தன்மை, தொடர்ச்சி என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இங்கே உள்ள வட்டம் தளத்தில் வரைகிற வட்டம் கிடையாது. மெய்யெண்கள் இங்கே ஒரு கணம் (இரு புள்ளிகளுக்கு நடுவே உள்ள பாதைகள் எல்லாம் ஒன்றே), ஆகவே மெய்யெண் சோடிகளாக எழுதிய வட்டமும் ஒரு கணம். அதில் ‘சுற்று’ போன்ற கண்ணி இருக்காது. வடிவம் வேறு, அதன் ஹோமோடோபி (பாதைகளின் அமைப்பு) வேறு. இரண்டையும் இணைக்க ஷுல்மன் உருவாக்கிய மெய்-ஒட்டுறவு டைப் தியரி போன்ற கூடுதல் ஏற்பாடு வேண்டும். புள்ளிக்கணத் தோபாலஜி வேண்டுமென்றால் லீனின் மேத்லிப் நூலகத்தின் பக்கம் போங்கள், அங்கே சரக்கு நிறைய.

நிறுவுவதற்கு: உபுண்டு, அல்லது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். ஜிஹெச்சிஅப் என்ற நிறுவி வழியாக ஜிஹெச்சியும் (ஹாஸ்கெல் கம்பைலர்) கபாலும் (ஹாஸ்கெல் தொகுப்புகளைக் கட்டும் கருவி) போட்டு, இசட்லிப்பின் டெவலப்மென்ட் தொகுப்பை மறக்காமல் சேர்த்து, ஒரே திரியில் கட்டச் சொல்லிக் கபாலில் அக்டாவை நிறுவுங்கள். கூடுதல் ஆப்டிமைசேஷன் கொடியைப் போட வேண்டாம், நினைவகத்தை அது இன்னும் தின்னும். பிறகு கியூபிகல் நூலகத்தை இறக்கி, உங்கள் அக்டா எண்ணுக்குப் பொருந்தும் வெளியீட்டை எடுத்து, அதில் உள்ள ‘.agda-lib’ கோப்பின் முழு முகவரியையும் அக்டாவின் நூலகப் பட்டியல் கோப்பில் எழுதுங்கள். இந்தப் பொருத்தம்தான் பெரும்பாலான நிறுவல் புகார்களுக்கு வேர். உபுண்டுவின் ஆப்ட் தரும் அக்டா பழசாக இருக்கும், நூலகம் புதுசாக இருக்கும், நீங்கள் தொடாத கோப்பில் பிழை வரும். சாதாரண ஸ்டாண்டர்டு நூலகத்தை இதோடு கலக்கவும் வேண்டாம். இரண்டின் சமக்குறியும் வேறு பொருள், நிரூபணங்களின் ஒருமையை நம்பும் பகுதிகளைக் கியூபிகல் கோப்பு ஏற்காது.

ஓடும் அமைப்பு ஒன்று கிடைத்துவிட்டால் செமஸ்டர் முடியும்வரை அக்டாவை அப்டேட் செய்யாதீர்கள். எண் மாறினால், சரிபார்த்துச் சேமித்த இடைக்கோப்புகள் செல்லாது. நூலகத்தில் நீங்கள் இறக்குமதி செய்கிற பகுதி மொத்தமும் முதலிலிருந்து மறுபடி சரிபார்க்கப்படும், அதுவும் பெரும்பாலும் மறுநாள் காலை செமினார் இருக்கிற ராத்திரியாகப் பார்த்து.